பனிமலையில் இழுக்காத வண்டி

மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையைப் பார்த்த ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். பிரெஞ்சில் வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்வதுதான் வேலை. பிரான்சில் யாரோ ஒருவர் வாங்கிய பொருள் மக்கர் செய்கிறது. அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுகிறார். அது புதுச்சேரியில் வந்து மணியடிக்கிறது. ஒரு மேசைக்குக் காபி மெஷின், இன்னொரு மேசைக்கு வாஷிங் மெஷின். எனக்குக் கொடுத்திருந்தது பனியில் ஓடும் வண்டி.

நான் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்பாவுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். அண்ணன் படிப்பு முடிந்ததும் பிரான்சுக்கே போய்விட்டான். நான் கல்யாணமாகி வைத்திக்குப்பம் பக்கம் ஒரு வாடகை வீட்டில் தங்கிவிட்டேன். அண்ணன் வீட்டுக்கு ஒரே ஒருமுறை போனேன். அதுவும் ஜூலை மாதம், இங்கே மாதிரியே அங்கேயும் வேர்த்து ஊற்றியது.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் அகலமான ரப்பர் பட்டை ஒன்று சுற்றிக்கொண்டே பனியைப் பிடித்துத் தள்ளும். ஸ்கூட்டரில் உட்காருவது போல ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்ட வேண்டும். சாலையே இல்லாத செங்குத்தான மலையில் ஏறுவதற்கென்று செய்த வண்டி. அதனால் எனக்கு வருகிற புகார்களில் முக்கால்வாசி ஒரே புகார்தான். வண்டி ஓடுகிறது, ஏற்றத்தில் மட்டும் இழுக்கவில்லை.

ஏன் இழுக்கவில்லை என்று கண்டுபிடிக்க முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஆக்ஸிலேட்டரை முழுசாகக் கொடுத்தால் இன்ஜின் கத்துகிறதா, அமுங்குகிறதா? கத்தியும் வண்டி நகரவில்லை என்றால் இன்ஜினில் கோளாறில்லை. அதன் பலத்தைப் பின்பட்டைக்குக் கொண்டுபோகிற பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். இது எனக்குச் சுலபமாகப் புரிந்தது. என் ஸ்கூட்டரிலும் அதே மாதிரி பெல்ட்தான். அது தேய்ந்துபோயிருந்த சமயத்தில் அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் வண்டி வெறுமனே கத்திக்கொண்டு ஆட்டோக்களுக்கு எல்லாம் வழிவிட்டிருக்கிறது. ஆனால் இன்ஜினே அமுங்கினால் விஷயம் வேறு. பெட்ரோல் சரியாக வராமல் இருக்கலாம், காற்று வராமல் இருக்கலாம், இல்லாவிட்டால் சூடேறிப்போய் வண்டி தன்னைத்தானே அடக்கிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கேட்டு, இது இல்லை இது இல்லை என்று கழித்துக்கொண்டே வர வேண்டும்.

சேர்ந்த நாளிலிருந்தே எனக்கு அந்த மேசையில் பயம். காபி மெஷின்காரர் தன் வீட்டுச் சமையலறையில் நின்று பேசுவார். என்னிடம் பேசுகிறவர் சில சமயம் மலையிலேயே நின்று பேசுவார். பின்னால் காற்று ஊளையிடுவது கேட்கும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்று நான் சொல்லி, அது மறுபடி கிளம்பாமல் போனால் அவர் என்ன செய்வார் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். வாய் மட்டும் நிதானமாகப் பேசப் பழகியிருந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம் அந்த அழைப்பு வந்தது. இங்கே விளக்கு போடுகிற நேரம். அங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். ஒரு பெண் குரல், எழுபது வயதுக்குக் குறையாது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியதெல்லாம் பிரெஞ்சில். ஆனால் என் நினைவில், அம்மா என்பதற்கு அங்கே சொல்கிற ‘மதாம்’ தவிர, எல்லாம் தமிழாகத்தான் இருக்கிறது.

“மதாம், என் வண்டி ஏற மாட்டேங்குது. யாரோ பின்னாலேருந்து பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு.”

போனை இன்ஜின் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரைக் கொடுக்கச் சொன்னேன். சத்தம் முதலில் நன்றாக எழுந்தது. பிறகு நெஞ்சில் சளி கட்டியவர் பேசுவது போல கரகரத்து அமுங்கிவிட்டது. பெல்ட் இல்லை. இன்ஜின்தான்.

“எங்க நிக்கறீங்க மதாம்?”

“ஊருக்கும் என் வீட்டுக்கும் நடுவுல. ஏத்தத்துல பாதி வந்துட்டேன்.”

“கூட யாராவது இருக்காங்களா?”

“இல்லை. பனி கொட்டுது. நீங்க சீக்கிரம் சொல்லுங்க.”

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: ஆள் தனியாக மலையில் நின்றால் முதலில் பத்திரமான இடத்துக்குப் போகச் சொல்ல வேண்டும், வண்டியெல்லாம் அப்புறம். நானும் சொன்னேன். “மதாம், இறக்கத்துல இறங்க இந்த இழுவை போதும். வண்டியைத் திருப்பி ஊருக்கே போயிடுங்க.”

“மேல வீட்டுல என் புருஷன் தனியா இருக்கார்,” என்றார். “அவருக்கு ஞாபகம் நிக்கறதில்லை. அவர் தூங்கற நேரமாப் பாத்து மருந்தும் மளிகையும் வாங்கக் கீழ வந்தேன். கதவை வெளிப்பக்கம் பூட்டலை. உள்ள ஏதாவது தீப்பிடிச்சா அவர் எப்படி வெளிய வருவார்னு பூட்டலை. இப்ப முழிச்சிருப்பார். நான் இல்லைன்னா தேடிக்கிட்டு வெளியில நடந்துடுவார், மதாம். வீட்டுக்குள்ள போடற செருப்போடவே நடந்துடுவார்.”

எழுந்து நின்று எங்கள் டீம் லீடரைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். காரைக்கால்காரர், என்னைவிட வயதில் சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்தம்மாவுக்குக் கேட்காதபடி லைனை மியூட்டில் போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். பிரான்சின் அவசர உதவி எண்ணை இங்கிருந்து கூப்பிட முடியாது. அங்கே இருக்கும் எங்கள் தலைமை அலுவலகத்தைப் பிடித்து, அவர்கள் மூலமாக மீட்புக் குழுவுக்குச் சொல்ல வேண்டும். வண்டி வாங்கியபோது பதிந்த முகவரி என் திரையில் இருந்தது; அதைக் குறித்துக்கொண்டு அவர் ஓடிப்போய் அந்த வேலையைப் பார்த்தார்.

நான் லைனுக்குத் திரும்பினேன். “மதாம், எங்க ஆளுங்க மீட்புக் குழுவைக் கூப்பிடறாங்க. நீங்களும் கூப்பிடுங்க.”

“ஹெலிகாப்டர்தானே? என் கை எனக்கே தெரியலை, அவ்வளவு மேகம். எப்படி வருவாங்க?”

அவர் சொன்னதே சரியாக இருந்தது. டீம் லீடர் திரும்பி வந்து என் காதருகே குனிந்தார். ஹெலிகாப்டர் பறக்க முடியாதாம். கீழே ஊரிலிருந்து ஆட்கள் கிளம்புகிறார்கள், ஆனால் வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம்.

“அக்கா, ரூல்படி பாத்தா நாம லைனை வெச்சிடணும். அவங்க எமர்ஜென்சிகூடதான் பேசணும்.”

“நான் வெச்சா அவங்க இறங்க மாட்டாங்க தம்பி. அப்படியே மேலதான் ஏறுவாங்க.”

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “பேசுங்க,” என்றார்.

நான் கழிக்க ஆரம்பித்தேன். சூட்டுக்கான சிவப்பு விளக்கு எரிகிறதா? இல்லை. பெட்ரோல் எங்கே போட்டது? சற்று முன் ஊரில் போட்டது, அதில் கொஞ்ச தூரம் நன்றாகவே ஓடியது. ஏதாவது வாசனை வருகிறதா?

“பெட்ரோல் நாத்தம் மூக்கைத் துளைக்குது. புகையும் கறுப்பா வருது.”

அது எனக்குப் போதுமானதாக இருந்தது. பெட்ரோல் போகிறது, எரிவதற்குத்தான் காற்று இல்லை. ஹேண்டில்பாருக்கு முன்னால், இன்ஜின் மூடியின் மேல்பக்கம், வலை அடித்த ஒரு வாய் இருக்கும். இன்ஜின் அதன் வழியாகத்தான் மூச்சு விடும். அங்கே பனி அப்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். மாவு அப்பின மாதிரி இருக்கிறது என்றார். கையுறையால் தட்டிவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னேன்.

இன்ஜின் கணீரென்று கத்தியது. அந்தம்மா சிரித்தார். டீம் லீடர் என் தோளைத் தட்டினார். போனைப் பையில் போட்டுக்கொண்டு அந்தம்மா கிளம்புவது கேட்டது. நான் நாற்காலியில் சாய்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். பாட்டிலை மூடுவதற்குள் சத்தம் மறுபடி கரகரத்தது.

“மறுபடியும் அதே,” என்றார். குரலில் முன்பு இருந்த தெம்பு இல்லை.

நிஜமான பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. அதுவரை பயந்தது எல்லாம் தினமும் பயப்படுகிற பயம். இது வேறு. மண்டைக்குள் ஒன்றுமே இல்லாத மாதிரி வெறுமையாக இருந்தது. என் எதிரில் இருந்த திரையில் அந்த வண்டியின் படம், வெயிலில் பளபளக்கிற மலையில், சிரித்துக்கொண்டு ஓட்டுகிற ஒருவனுடன். அந்த அம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. அவர் நிற்கிற சரிவு எப்படி இருக்கும், பனியில் கால் எதுவரை புதையும், எதுவும் தெரியாது. பயத்தை வெளியில் காட்டாமல் யோசிக்க வேண்டியிருந்தது.

தட்டியதும் சரியானது என்றால் நான் நினைத்த காரணம் சரிதான். உடனே மறுபடி அடைத்துக்கொண்டது என்றால் வலையில் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது. இன்ஜின் சூட்டில் பனி உருகி, வண்டி நின்ற நேரத்தில் அந்தத் தண்ணீர் வலைக் கண்களில் பனிக்கட்டியாக உறைந்திருக்க வேண்டும். பயிற்சியில் யாரோ ஒருவர் போகிறபோக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. மேலே இருக்கிற பொடிப்பனியைத் தட்டினால் பாதிக் கண்கள்தான் திறக்கும். வலையையே கழற்றி, உதறி, திரும்ப மாட்ட வேண்டும்.

“மதாம், அந்த வலை ரெண்டு கிளிப்புல நிக்கும். மெதுவா நெம்பி எடுங்க. கையுறையைக் கழட்டிட்டு எடுங்க. எடுத்ததும் உடனே போட்டுக்கணும்.”

காத்திருந்தேன். டப்பென்று ஒரு சத்தம் வந்தது.

“உடைஞ்சுடுச்சு,” என்றார். “கையில பாதிதான் இருக்கு. மீதி சரிவுல போயிடுச்சு.”

குளிரில் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வலை இல்லாமல் அந்த வண்டியை ஓட்டவே கூடாது என்பது மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பொடிப்பனி நேராக உள்ளே போகும், இன்ஜினுக்குள் தண்ணீராகும், பிறகு ஸ்டார்ட்டர் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்பாது. அதுவரை அவரிடம் பாதி உயிருள்ள ஒரு வண்டி இருந்தது. இறங்கவாவது உதவியிருக்கும். இப்போது அதுவும் போய்விடுமோ என்ற நிலை. டீம் லீடர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே டைல்ஸ் கடையில் யாரோ லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“துணி ஏதாவது இருக்கா மதாம்?” என்றேன்.

“கம்பளி மப்ளர் இருக்கு.”

“அது வேண்டாம், காத்தையும் சேத்து அடைச்சுடும். மெல்லிசா, ஓட்டை ஓட்டையா இருக்கணும்.”

பைகளைக் கிளறுகிற சத்தம். அது நின்றது.

“ஆரஞ்சுப் பழம் வாங்கினேன். வலைப் பையில போட்டுக் குடுத்தாங்க.”

பழங்களைப் பனியிலேயே கொட்டிவிட்டு அந்த வலைப் பையை இரண்டாக மடிக்கச் சொன்னேன். காற்று போகிற வாயின் மேல் அதை இழுத்துப் போட்டார். கட்டுவதற்குக் கயிறு இல்லை. தலைமுடியில் போட்டிருந்த ரப்பர் பேண்டை எடுத்து விளிம்பில் இறுக்கியதாகச் சொன்னார். விரல் மரத்துப்போய்விட்டது, பல்லால் இழுத்து மாட்டினேன் என்றார்.

“இதுல காத்து போகுமா மதாம்? பனி உள்ள போகாம நிக்குமா?”

“நிக்கும்,” என்றேன். “போங்க. சத்தம் அமுங்க ஆரம்பிச்சா உடனே நின்னு, பையைத் தட்டிவிட்டுட்டுப் போங்க. அமுங்கினதுக்கு மேல ஆக்ஸிலேட்டரைக் கொடுக்காதீங்க. போனை வெக்காதீங்க.”

அவர் கிளம்பினார். கோட்டுப் பைக்குள்ளிருந்து இன்ஜின் சத்தம் மட்டும் வந்தது. நான் இரண்டு கையாலும் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன். சத்தம் எழும், கொஞ்ச நேரம் நிற்கும், மெல்ல அமுங்கும். பிறகு நின்றுவிடும். நின்ற ஒவ்வொரு முறையும் இத்தோடு போயிற்று என்று நினைத்தேன். டப்டப்பென்று தட்டுவது கேட்கும். மறுபடி இன்ஜின் பிடிக்கும். ஒருமுறை முதல் தடவையில் கிளம்பவில்லை. இழுத்தார், இழுத்தார். தனக்குத்தானே ஏதோ முனகினார். ஜெபமா திட்டா என்று தெரியவில்லை. நானும் உதட்டுக்குள் அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்ஜின் பிடித்தது. சத்தம் நன்றாக எழுந்து, இதுவரை இல்லாதபடி நீளமாக ஓடியது. அப்போது லைன் அறுந்துபோனது.

திரும்பக் கூப்பிட்டேன். மணியே அடிக்காமல் நேராகப் பதிவு செய்த குரலுக்குப் போனது. அந்தம்மாவின் குரல்தான், எப்போதோ நல்ல நாளில் உற்சாகமாகப் பேசிப் பதிந்தது. தயவுசெய்து செய்தியைச் சொல்லிவையுங்கள், நாங்கள் இருவரும் வெளியே இருக்கிறோம் என்றது. அதைக் கேட்கத் தாங்கவில்லை. ஆனாலும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

வேலை நேரம் முடிந்தது. மற்ற மேசைக்காரர்கள் பையை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து மெதுவாகப் பேசியபடி கிளம்பினார்கள். என் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது.

“இன்னும் கெளம்பலையா?”

“ஒரு வயசான அம்மா மலையில மாட்டிக்கிட்டு இருக்காங்க.”

“எந்த மலையில?”

“பிரான்சுல.”

“உன் குரலே சரியில்ல. நீ வண்டிய எடுக்காத. நான் வரேன்,” என்றார். தேங்காய்த்திட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே பையோடு வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். மீன் வாசனை கதவு வழியாக ஏசி அறைக்குள் வந்தது. டீம் லீடர் முகம் சுளிக்கவில்லை.

டீம் லீடரின் கம்ப்யூட்டரில் தலைமை அலுவலகத்தின் செய்தி வந்தது. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, மீட்புக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. அந்தம்மா பத்திரமா இருக்காங்க. வண்டியிலயே வீடு வரைக்கும் போயிருக்காங்க.”

“அவர்?”

“வீட்டுல இல்லையாம். கதவு தெறந்து கெடக்குதாம். தேடிக்கிட்டு இருக்காங்க.”

அதற்கு முன்னால் பயந்ததை எல்லாம் பயம் என்றே சொல்ல மாட்டேன். அந்தம்மா மலையில் நின்றபோது நான் ஏதாவது சொல்ல முடிந்தது, கேட்க முடிந்தது. இப்போது செய்ய ஒன்றும் இல்லை. இருட்டப் போகிற மலை, மூடுபனி, வீட்டுச் செருப்பு போட்ட ஒரு வயதானவர். கண்ணை மூடினால் அவர் நடப்பது தெரிந்தது. கண்ணைத் திறந்து ட்யூப் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் உள்ளே வந்து, கையைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டு, என் பக்கத்தில் நின்றார்.

அடுத்த செய்தியை டீம் லீடர் ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டே படித்தார். வீட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கிவைக்கிற கொட்டகையில் கண்டுபிடித்தார்களாம். விறகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாராம். உயிர் இருக்கிறது. பேசுகிறார். கால்கள்தான் மோசமாக இருக்கின்றன. மறுநாள் விடிந்து மேகம் விலகியதும் ஹெலிகாப்டரில் கொண்டுபோவார்கள். அதுவரை ஒரு மருத்துவ உதவியாளர் அங்கேயே தங்குகிறார்.

நான் அழவில்லை. பல்தான் நிற்காமல் தந்தியடித்தது. வீட்டுக்காரரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, ஊருக்குள் நுழைந்து, கடல்காற்று முகத்தில் அடிக்கிற வரைக்கும் அது நிற்கவில்லை. வீட்டுக்குப் போய் மீனை அவரே கழுவிக் குழம்பு வைத்தார். சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

மறுநாள் ஹெட்செட்டை மாட்டுவதற்கு முன்பே வேறு மேசை கேட்டேன். குளிர்காலம் முடியட்டும் அக்கா, இந்த வண்டி தெரிஞ்ச ஆள் வேற இல்லை என்றார் டீம் லீடர். அந்தக் குளிர்காலம் முழுக்க அதே மேசைதான். பார்க்கிங்கில் நின்று கேட்டவர்களிடம்கூட, கூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே பனி உருகத் தொடங்கிய சமயத்தில், அந்தம்மா மறுபடி கூப்பிட்டார். அழைப்பு என் மேசைக்கே வந்தது. குரல் கேட்டவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த உடைந்த வலைக்குப் பதிலாகப் புதிது வேண்டும் என்றார். அவருடைய கணவரின் ஒரு காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்களாம். இப்போது கீழே ஊரில், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் இருக்கிறாராம். தானும் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டதாகச் சொன்னார்.

“வண்டியை விக்கப் போறேன். வலை இல்லாம வித்தா வாங்கறவங்க மாட்டிக்குவாங்க இல்லையா? அதுக்குத்தான் கூப்பிட்டேன்.”

வண்டியின் எண்ணைக் கேட்டுப் பதிந்துகொண்டேன். முகவரி சொன்னார். அவர் உடனே வைக்கவில்லை.

“அன்னிக்கு அந்த ஆரஞ்சுப் பை நிக்கும்னு சொன்னீங்களே. அது நிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “இல்லை மதாம். எனக்குத் தெரியாது. எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு.”

அந்தப் பக்கம் யாரோ தட்டுகளை அடுக்குவது கேட்டது.

“எனக்கும்தான்,” என்றார். “அப்ப நீங்க இதைச் சொல்லாததே நல்லது.”

வலை வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.